கதவு நன்றாக இருக்கிறது, மூடியைக் கேட்டு வாங்குங்கள்: ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு பேஃபில் சம்ப் வேலை

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையோரத்தில், விசைப்படகு எஞ்சின் வேலையையே முழுநேரமாகப் பார்க்கும் வெல்டிங் பட்டறை ஒன்று கார் சம்புக்கும், அதாவது எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டிக்கும், பேஃபில் அடித்துத் தருகிறது. வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்காமல் தடுக்கும் உள்தகடுகள்தான் பேஃபில். இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ஸ்பீட்வே பந்தயத் தடங்களில் டிராக் நாள்களில் ஓடும் ஸ்விஃப்ட், போலோ, சிவிக் மாதிரிக் கார்களுக்கு இது நேரடியாகப் பயன்படுகிற வேலை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பம்ப் எண்ணெயை உறிஞ்சும் வாயான பிக்கப்பைச் சுற்றி அடிக்கும் பெட்டியும் அதன் கதவுகளும் முதல் தரம். ஆனால் அதற்கு மேல் போடும் மூடித் தகடு போதாது. அதைத் தனியாகச் சொல்லி வாங்காவிட்டால் கொடுத்த காசில் பாதிப் பயன்தான் கிடைக்கும். ஏன் என்பதுதான் இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி.

யாருக்கு இது வேண்டாம்? ஈசிஆரில் கீழக்கரை, சாயல்குடி என்று போய்வருகிறவருக்கு வேண்டாம். தனுஷ்கோடிக்குக் குடும்பத்தோடு போகிறவருக்கும் வேண்டாம். இந்தக் கரையின் சாலைகள் தட்டையானவை, நீளமானவை. சம்புக்குள் எண்ணெயை ஒரு பக்கமாக ஒதுக்கிவைக்கும் அளவுக்கு நீண்ட வளைவு இங்கே எங்கும் இல்லை. சாதாரண டயரோடு சாதாரண சாலையில் ஓடும் காருக்குக் கம்பெனி சம்ப் தாராளமாகப் போதும். ஒட்டும் டயர் போட்டு, சஸ்பென்ஷனை இறுக்கி, டிராக்கில் ஒரே வளைவில் மூன்று நான்கு நொடி முழு ஆக்சிலரேட்டரில் தாக்குப்பிடிக்கும் கார்தான் இந்த வேலையைக் கேட்கும் கார்.

எண்ணெய் எவ்வளவு நகர்கிறது என்பதைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. அப்போதுதான் எந்தத் தகடு எதற்கு என்று புரியும். பக்கவாட்டு விசை 1 ஜி, அதாவது புவியீர்ப்பின் அளவு, என்றால் எண்ணெயின் மேற்பரப்பு 45 டிகிரி சாயும். 0.5 ஜி என்றால் சுமார் 27 டிகிரி. இந்தக் கார்களில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. அதனால் கார் வளைவில் திரும்பும்போது எண்ணெய் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் நீளவாக்கில், அதாவது சம்பின் நீளமான பக்கமாக ஓடுகிறது. 40 செ.மீ நீளம், 25 செ.மீ அகலம், உள்ளே 4 லிட்டர் எண்ணெய், பிக்கப் நடுவில் என்று வைத்துக்கொள்வோம். நின்றிருக்கும்போது எண்ணெயின் ஆழம் 4 செ.மீ. 1 ஜி-யில் அது முழுவதும் ஒரு பக்கச் சுவரில் முக்கோணமாக ஏறும். சுவரில் ஏறும் உயரம் சுமார் 18 செ.மீ, தரையில் நனைந்திருக்கும் நீளமும் அதே 18 செ.மீ. பிக்கப் இருப்பதோ 20 செ.மீ-யில். தரை காய்ந்த இடத்தில் வாயைத் திறந்துகொண்டு பம்ப் காற்றை இழுக்கிறது. அந்த 18 செ.மீ உயரமும் பெரும்பாலான சம்புகளின் ஆழத்தைவிட அதிகம். அதாவது எண்ணெய் பிளாக்குக்குள் ஏறி, சுற்றிக்கொண்டிருக்கும் கிராங்கில் மோதி நுரையாகிறது.

பிரேக் அடிக்கும்போது இந்தத் தொல்லை குறைவு. அப்போது எண்ணெய் 25 செ.மீ அகலத்தின் வாக்கில்தான் போகிறது. 1 ஜி பிரேக்கில் தரையில் 14 செ.மீ நனைந்திருக்கும், நடுவில் இருக்கும் பிக்கப் 12.5 செ.மீ-யில் தப்பித்துவிடும். குறுக்கு எஞ்சின் கார்களில் பேரிங் போவது பெரும்பாலும் நீண்ட வளைவில்தான் என்பதற்கு இது ஒரு காரணம்.

பம்ப் காற்றை இழுத்தால் என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த இடைவெளியில் எண்ணெய் வந்துகொண்டே இருந்தால்தான் உலோகமும் உலோகமும் தொடாது. பிஸ்டனின் ராட் கிராங்கில் சேரும் ராட் பேரிங்குக்கு எண்ணெய், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் வழியாக, கிராங்கின் துளைக்குள் புகுந்துதான் வர வேண்டும். கடைசியில் இருக்கிறவனுக்குத்தான் முதலில் பட்டினி. அதனால் முதலில் தட்ட ஆரம்பிப்பது ராட் பேரிங். ஒரே வளைவில் போய்விடாது. ஒவ்வொரு சுற்றிலும் அரை நொடி, ஒரு நொடி என்று பேரிங்கின் மேல்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து, ஒரு நாள் நேர்ச் சாலையில் போகும்போது தட்டும். அப்போது வளைவை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், எண்ணெய் பிராண்டைத்தான் திட்டுவார்கள்.

பலரும் முதலில் கையில் எடுப்பது கூடுதலாக ஒரு லிட்டர் ஊற்றும் வைத்தியம். மேலே சொன்ன அதே சம்பில் 5 லிட்டர் ஊற்றினால் 1 ஜி-யில் தரையில் நனையும் நீளம் 18-லிருந்து 20 செ.மீ ஆகும். கிடைத்தது 2 செ.மீ. அதற்கு விலையாக நிற்கும் மட்டம் 1 செ.மீ உயர்ந்து கிராங்குக்கு அருகே போகிறது. நுரை கூடுகிறது, பவர் குறைகிறது, எஞ்சினின் காற்றுப்போக்கியான பிரீதர் வழியாக எண்ணெய் வெளியே தள்ளுகிறது. எஞ்சின் உயர் ஆர்பிஎம்மில் ஓடும்போது எண்ணெயில் ஒரு பங்கு எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டிலேயே தங்கிவிடுவதால், கணக்கில் சொன்ன 4 லிட்டர் நடைமுறையில் 3 ஆகவும் இருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 3 லிட்டருக்கு நனையும் நீளம் 15.5 செ.மீ மட்டுமே.

இப்போது அதே சம்பில் கூடுதல் எண்ணெய் ஊற்றாமல், தரையிலிருந்து 8 செ.மீ உயரத்தில் சம்ப் முழுக்க ஒரு கிடைத் தகட்டைப் போடுங்கள். எண்ணெய் 8 செ.மீ-க்கு மேல் சுவரில் ஏற முடியாது, தரையில் பரவத்தான் வேண்டும். 4 லிட்டர் எண்ணெய் 1 ஜி-யில் தரையை 24 செ.மீ வரை நனைத்திருக்கும். பிக்கப் முழுகியே இருக்கிறது. தகட்டை 6 செ.மீ-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 30 செ.மீ. ஒரு லிட்டர் எண்ணெய் கொடுத்தது 2 செ.மீ, ஒரு தகடு கொடுப்பது 6 முதல் 12 செ.மீ. அதனால்தான் மூடி முக்கியம் என்கிறோம். கதவும் பெட்டியும் அதற்கு அடுத்த படி.

இனி பட்டறைக்கு வருவோம். படகு எஞ்சின் பார்த்த கைகள் இந்தப் பிரச்சினையை விளக்காமலே புரிந்துகொள்கின்றன. படகில் எஞ்சின் மட்டமாக உட்காராது, பின்பக்கம் சரிந்து உட்காரும். அந்தச் சரிவுக்கு ஏற்ப டிப்ஸ்டிக் கோட்டை மாற்றாவிட்டால் அளவே தப்பாகக் காட்டும். கடலில் படகு உருளும்போது எண்ணெய் பக்கம் மாறும் என்பது அவர்களுக்கு அன்றாடம். ஒன்றை மட்டும் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. படகு மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். கார் ஒரே பக்கமாக நொடிக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அவர்கள் அடிக்கும் பெட்டி பிக்கப்பைச் சுற்றி நான்கு சுவர், ஒவ்வொரு சுவரிலும் ஒரு கதவு. கீல் மேலே, 3 மி.மீ எஸ்எஸ் கம்பி. கதவு பெட்டியின் உள்பக்கம் மட்டுமே திறக்கும், வெளிப்பக்கம் சுவரின் உதட்டில் உட்கார்ந்துவிடும். கீழே 1 மி.மீ இடைவெளி. உள்ளே 45 டிகிரிக்கு மேல் போகாதபடி ஒரு சின்ன முட்டு. இந்த முட்டு வைக்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். முட்டு இல்லாத கதவு ஒரு கடும் பிரேக்கில் முழுசாக மேலே எழும்பி, மூடியில் மாட்டிக்கொண்டு அப்படியே திறந்து நிற்கும். இங்கே அதை மறக்கவில்லை.

வேலை முடிந்ததும் சோதனையைக் கண்ணெதிரே செய்துகாட்டச் சொல்லுங்கள். சம்பை மேசையில் வைத்து, பெட்டியின் உதடு முழுகும் அளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, இடப்பக்கமாகச் சாய்ப்பார்கள். வலக்கதவு உள்ளே திறந்து மண்ணெண்ணெய் புகும். இடக்கதவு உதட்டோடு ஒட்டி மூடிக்கொள்ளும், ஓரத்தில் ஒரு மெல்லிய கசிவு மட்டும் தெரியும். திருப்பிச் சாய்த்தால் இரண்டும் இடம் மாறும். கதவு தயங்காமல் தன் எடையிலேயே விழ வேண்டும். விரலால் தட்டித்தான் விழுகிறது என்றால் கீலில் வெல்டிங் பொட்டு ஒட்டியிருக்கிறது. சூடான எண்ணெயில் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அங்கேயே சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். கீல் கம்பியின் இரு முனையும் தட்டி விரிக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது ஒரு பொட்டு வெல்ட் இருக்க வேண்டும். ரிவெட் மட்டும் அடித்த கதவு அதிர்வில் தளர்ந்துவிடும்.

பெட்டியும் எல்லாம்வல்லது இல்லை. 18 செ.மீ சதுரம், 5 செ.மீ உயரம் என்று அடித்தால் 4 செ.மீ மட்டத்தில் 1.3 லிட்டர் பிடிக்கும். ஆனால் பெட்டிக்குள்ளும் எண்ணெய் அதே 45 டிகிரி சாயும். பாதிக்குக் கீழே இறங்கும்போதே நடுவில் இருக்கும் சல்லடையின் ஓரம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். பயன்படுவது சுமார் அரை லிட்டர். பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளுகிறது என்று கணக்குப் போட்டால் அது ஒரு நொடிக்குத்தான். மீதி நொடிகளைக் காப்பாற்ற வேண்டியது மேலிருந்து வடிந்துவரும் எண்ணெய். அது பெட்டிக்குள் விழுகிறதா, வெளியே ஒதுங்கிய குவியலில் விழுகிறதா என்பதை முடிவுசெய்வது மூடி.

குறை அங்கேதான். இந்தப் பட்டறை வழக்கமாகப் போடும் மூடி பெட்டியின் அளவுக்கு மட்டும்தான். பெட்டிக்கு வெளியே இருக்கும் எண்ணெய்க்குத் தடையே இல்லை, பழையபடி சுவரில் ஏறி கிராங்கைத் தொடும். கதவின் அழகைப் பார்த்து மயங்கி இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது எளிது. வேலை கொடுக்கும்போதே, “அண்ணே, மூடி பெட்டி அளவுக்கு வேண்டாம், சம்ப் முழுக்க வேணும், தரையிலேருந்து இத்தனை சென்டி உயரத்துல” என்று சொல்லி, காகிதத்தில் வரைந்தும் கொடுத்துவிடுங்கள். சொன்னால் செய்கிறார்கள், சரியாகவும் செய்கிறார்கள். உயரத்தை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நிற்கும் எண்ணெய் மட்டத்துக்கு மேலே குறைந்தது 2 செ.மீ இருக்கட்டும், நுரைக்கு இடம் வேண்டும். மேற்பக்கம் ராட் போல்ட் சுற்றும் வட்டத்துக்கும் தகட்டுக்கும் 6 மி.மீ-க்குக் குறையக் கூடாது. தகட்டின் மேல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து, சம்பை நாலு போல்ட்டில் மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கழற்றிப் பாருங்கள். களிமண் நசுங்கியிருக்கும் இடத்தின் தடிமன்தான் உங்கள் இடைவெளி.

மூடியில் துளை எங்கே என்பதும் முக்கியம். பெரிய வடிகால் துளைகள் பெட்டிக்கு நேர் மேலே, நடுப்பகுதியில் இருக்கட்டும். துளையின் விளிம்பு கீழ்நோக்கி மடங்கியிருந்தால் எண்ணெய் இறங்கும், சுலபத்தில் திரும்பி ஏறாது. இரு முனைகளிலும் பெரிய துளை போட்டால் வளைவில் அழுத்தும் எண்ணெய் அதன் வழியாகவே மேலே பீறிடும். அங்கே 3 மி.மீ கீற்று போதும். துளையை மொத்தமாகவே குறைத்துவிட்டாலும் ஆபத்து. ஹெட்டிலிருந்து வடிவது தகட்டின் மேலேயே தேங்கி, கிராங்க் அதைக் கடைய ஆரம்பிக்கும்.

வெல்டிங் பற்றி. இரும்புச் சம்ப் என்றால் கவலையில்லை. அலுமினிய வார்ப்புச் சம்ப் என்றால் ஆர்கான் வெல்டிங், அதிலும் ஏசியில். வருடக்கணக்கில் எண்ணெய் ஊறிய வார்ப்பு அது. மேலே துடைத்தால் போதாது. டிகிரீசரில் ஊறவைத்து, சூடாக்கி, வெளியே கசியும் எண்ணெயைத் துடைத்து, மறுபடியும் அதையே செய்தால்தான் வெல்ட் துளைத்துளையாக வராது. இந்த வேலையைப் பட்டறை பொறுமையாகச் செய்கிறது, பாராட்ட வேண்டும். ஃபில்லர் கம்பி 4043 அல்லது 4047 என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தகடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. “கடலுக்கு ஏத்த தகடு, துருவே பிடிக்காது” என்று 5083 ரக அலுமினியம் கொடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் மக்னீசியம் அதிகம். 4043 கம்பியோடு சேர்ந்தால் வெல்ட் மொறுமொறுப்பாகி, அதிர்வில் கீறல் விடும். உள்ளே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் தகட்டுக்குக் கடல் தரம் தேவையே இல்லை. 6061 அல்லது 3003 தகடு போதும், 2 மி.மீ.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு சிக்கல் காற்று. பட்டறை மூன்று பக்கம் திறந்த கொட்டகை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஆர்கான் வாயுவின் திரை கலைந்துவிடும். லேசான காற்றே அதற்குப் போதும். வெல்ட் கறுத்து, ஊசித் துளைகள் விழும். தார்ப்பாய் கட்டித்தான் செய்கிறார்கள், ஆனாலும் அந்த மாதங்களில் காலையில் காற்று எழுவதற்கு முன் வெல்ட் செய்துதரக் கேட்பது நல்லது. மணலும் சேர்ந்தே வரும் காற்று அது.

வெல்ட் சூட்டில் சம்பின் விளிம்பு முறுக்கிக்கொள்ளும். தடித்த இரும்புத் தகட்டிலோ பழைய பிளாக்கிலோ போல்ட் போட்டு இறுக்கி வைத்துத்தான் வெல்ட் செய்ய வேண்டும், ஆறிய பிறகே கழற்ற வேண்டும். இந்தப் பட்டறையில் படகு எஞ்சின்களுக்கென்று ஒரு கனத்த தகடு கிடக்கிறது. உங்கள் சம்பின் துளைகளுக்கு அதில் புதிதாகத் துளை போட வேண்டியிருக்கும், அதற்குத் தனிக் கூலி. தயங்காமல் கொடுங்கள். வாங்கும்போது விளிம்பில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ தகடு எங்காவது சுலபமாக நுழைந்தால் திருப்பிக் கொடுத்து மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சம்பில் போல்ட் துளையைச் சுற்றிப் பழைய இறுக்கத்தில் குழி விழுந்திருக்கும், அதை மரக்கட்டையின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்த வேண்டும்.

பிக்கப்புக்கும் தரைக்கும் இருக்க வேண்டிய இடைவெளி 6 முதல் 10 மி.மீ. குறைந்தால் மூச்சுத் திணறும், கூடினால் சீக்கிரம் காற்றைக் குடிக்கும். தரையில் புதிதாகத் தகடு வெல்ட் செய்தால் இந்த இடைவெளி மாறிவிடும் என்பதால் களிமண் சோதனையை இங்கேயும் செய்யுங்கள். பிக்கப் குழாய் பம்பில் சேரும் இடத்து ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். பழைய ரிங் மரத்துப்போயிருந்தால், சம்ப் நிறைய எண்ணெய் இருந்தாலும் அந்த இடுக்கு வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும். எத்தனை கதவு வைத்தும் பயனிருக்காது.

சுத்தம் செய்வதில் பட்டறையை நம்பக் கூடாது. இதைக் குறையாகவே சொல்கிறோம். படகு எஞ்சினின் பெரிய இடைவெளிகளுக்குப் பழகிய கைகள், கிரைண்டர் தூளை ஒரு துணியால் துடைத்துவிட்டு முடிந்தது என்கின்றன. மடிப்பு, கீல், பெட்டியின் மூலை எல்லாவற்றிலும் அலுமினியத் தூள் இருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷால் தேய்த்து, காற்றடித்து, பிறகு மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். துணியில் மினுமினுப்பு தெரியாமல் போகும் வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பளபளப்புக்காக மணலையோ பொடிக் கண்ணாடி மணிகளையோ பீய்ச்சி அடிக்க ஒருபோதும் விடாதீர்கள். இடுக்கில் தங்கும் ஒரே ஒரு மணி பேரிங்கைக் கீறப் போதும்.

கசிவுச் சோதனைக்கு நம் ஊர் முறையே சிறந்தது. வெல்டின் வெளிப்பக்கம் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தால், ஊசித் துளை இருக்கும் இடத்தில் சுண்ணாம்பு கறுத்துக் காட்டிவிடும். பட்டறை இதைக் கேட்காமலே செய்துகாட்டுகிறது.

வடிகால் போல்ட் பெட்டிக்கு வெளியே இருந்தால் பழைய எண்ணெய் உள்ளே தங்கும். பெட்டிச் சுவரின் அடி மூலையில் 4 மி.மீ வெட்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். டிப்ஸ்டிக் போகும் வழியில் மூடி இடிக்காமல் துளை வேண்டும். வேலை முடிந்து மாட்டியதும், கையேட்டு அளவை அளந்து ஊற்றி, எஞ்சினை ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் எங்கே காட்டுகிறது என்று பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சில எஞ்சின்களுக்கு வெளிநாட்டு ரெடிமேட் பேஃபில் கிட் கிடைக்கிறது. போல்ட் போட்டு மாட்டும் தகடும் ரப்பர் நாக்கும் சேர்ந்து வரும். உங்கள் எஞ்சினுக்கு இருந்தால் அதுவும் நல்ல தேர்வுதான், வெல்ட் தொல்லை இல்லை. ரப்பர் என்னவென்று மட்டும் கேளுங்கள். வைட்டான் என்றால் சூட்டைத் தாங்கும். பெயர் தெரியாத ரப்பர் சூடான எண்ணெயில் ஊதிப்போய்க் கதவைத் திறக்கவே விடாது. எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் ட்ரை சம்ப் இந்தக் கார்களுக்குத் தேவைக்கு மீறிய செலவு.

அக்யூசம்ப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். உருளைக்குள் பிஸ்டன், ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் எண்ணெய். பம்பின் அழுத்தம் விழும்போது காற்று எண்ணெயை பேரிங்குக்குத் தள்ளும். 1, 2, 3 குவார்ட் அளவுகளில் வருகிறது. 2 குவார்ட் என்றால் 1.9 லிட்டர் கைவசம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. காலியாக இருக்கும்போது 7 பிஎஸ்ஐ காற்று வைத்து, ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ-க்கு நிறைந்து, 20 பிஎஸ்ஐ-க்கு விழும்வரை கணக்குப் பார்த்தால் வெளியே வருவது கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 0.6 லிட்டர். 3 குவார்ட்டில் 0.9 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதனால் இடமிருந்தால் பெரியதையே வாங்குங்கள். ஆனால் மூடி, பெட்டி இரண்டும் முடிந்த பிறகுதான் இதற்குக் காசு செலவழிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வால்வைத் திறந்து பேரிங்கை நனைக்கலாம் என்பது இதன் உண்மையான கூடுதல் லாபம். எஞ்சினை நிறுத்தும்போது வால்வை மூட மறந்தால் அதிலிருக்கும் எண்ணெய் முழுக்க சம்புக்கு வந்து மட்டம் ஏறிவிடும், மறுநாள் டிப்ஸ்டிக் பார்க்கிறவர் குழம்புவார்.

எதைச் செய்தாலும் மீட்டர் இல்லாமல் செய்யாதீர்கள். டேஷ்போர்டில் இருக்கும் எண்ணெய் விளக்கு மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் எரியும். அது எரியும்போது பேரிங் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். 20 பிஎஸ்ஐ-யில் எரியும் சுவிட்ச், கண்ணில் படும் இடத்தில் பெரிய சிவப்பு விளக்கு. முடிந்தால் அழுத்தத்தையும் பக்கவாட்டு விசையையும் நொடிக்கு 10 முறையாவது பதியும் லாகர். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு, இன்றும் ஒப்பிடப் பயன்படும். பதிவில் ஆர்பிஎம் ஏறியிருக்க, வளைவின் நடுவில் அழுத்தம் மட்டும் பல்லுப் பல்லாக விழுந்தால் அது காற்று. வலது வளைவில் மட்டும் விழுகிறதா, இடது வளைவில் மட்டுமா என்று பார்த்தால் எந்தப் பக்கக் கதவைச் சோதிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சோதனை டிராக்கில் மட்டும். தனுஷ்கோடிச் சாலை காலியாக இருக்கிறது என்று அங்கே முயற்சி செய்ய வேண்டாம், மணல் படர்ந்த தாரில் எந்த டயரும் பிடிக்காது.

மாட்டும்போது சிலிகான் கேஸ்கெட் 3 மி.மீ கோடு போதும், போல்ட் துளையின் உள்பக்கமாக. தாராளமாகப் பிதுக்கினால் உள்ளே தொங்கும் புழு உரிந்து விழுந்து சல்லடையை அடைக்கும். பேஃபில் சம்பில் அது நேராகப் பெட்டிக்குள்தான் போகும், தப்ப வழியில்லை. எம்6 போல்ட்டுகளுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், குறுக்குமறுக்காக. இரவு முழுக்க ஆறவிட்டு மறுநாள் எண்ணெய் ஊற்றுங்கள்.

உப்புக்காற்றில் இரும்புச் சம்பின் வெளிப்பக்கம் வெல்ட் சூட்டில் பெயின்ட் போன இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடிக்காமல் மாட்ட வேண்டாம். அலுமினியச் சம்பில் எஸ்எஸ் போல்ட் போட்டால் உப்பில் இரண்டும் பிடித்துக்கொண்டு, அடுத்த முறை கழற்றும்போது மரையோடு வந்துவிடும். போல்ட் மரையில் ஆன்டி-சீஸ் தடவுங்கள், கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அடியில் நல்ல தண்ணீர் அடியுங்கள். சம்பை ஆழப்படுத்தித் தருகிறோம் என்ற யோசனையையும் பட்டறை சொல்லும். தாழ்த்திய காருக்கு அது வேண்டாம், ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடையில் முதலில் இடிபடுவது அதுதான். கொள்ளளவு வேண்டுமென்றால் பக்கவாட்டில் அகலப்படுத்தக் கேளுங்கள்.

கூலியைப் பேசும்போது பெட்டியும் கதவும் ஒரு தொகை, முழு மூடி ஒரு தொகை, பிடித்துவைக்கும் தகட்டில் துளை ஒரு தொகை என்று பிரித்து எழுதி வாங்குங்கள். சம்பை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். பிக்கப், டிப்ஸ்டிக் குழாய், பழைய கேஸ்கெட் மூன்றும் கூடவே போனால்தான் அளவு சரியாக வரும். மாட்டி முதல் டிராக் ஓட்டம் முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெள்ளித் தூள் தெரிந்து, காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் அது வெல்டிங் தூளாகவும் இருக்கலாம், பேரிங்காகவும் இருக்கலாம். இன்னொரு முறை எண்ணெய் மாற்றி, காரை மெதுவாக நூறு கிலோமீட்டர் ஓட்டி, அடுத்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள். தூள் குறையாமல் அதே அளவு இருந்தால் சம்பை இறக்கி ராட் பேரிங் மூடியைக் கழற்றிப் பார்க்கும்வரை காரை டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம்.